இரண்டாவது ரீல்

அரியலூரில் நான் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, வெள்ளிக்கிழமை மதியங்களில் எங்களுக்குப் படம் போட்டுக் காட்டுவார்கள். கதைப் படங்கள் இல்லை, அரசாங்கம் எடுத்த விளக்கப் படங்கள். அளவான குடும்பம், உரம் போடும் முறை, சிமெண்ட் உற்பத்தி, அம்மைத் தடுப்பு என்று ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ரீல்கள் திருச்சியிலிருந்து தகரப் பெட்டியில் ரயிலில் வரும். பாடம் எடுத்த சாரே ஸ்டேஷனுக்கு சைக்கிளில் போய்ப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். வகுப்பு ஜன்னல்களில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, சுண்ணாம்பு அடித்த சுவரிலேயே படத்தை விழவைப்பார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்களில் பெரும்பாலோர் செந்துறை, திருமானூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். சுவரில் எது அசைந்தாலும் வாயைத் திறந்து பார்க்கிறவர்கள். சாருக்கு அது பிடிக்காது. படம் முடிந்ததும் துணியை விலக்கிவிட்டுக் கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதுவார். இந்தப் படம் உன்னை என்ன செய்யச் சொல்கிறது? அதற்கு எதைக் காட்டுகிறது? எதைக் காட்டாமல் விடுகிறது?

"நாளைக்கு நீங்க முப்பது நாப்பது புள்ளைங்க முன்னாடி நிக்கப் போறீங்க. நீங்க சொல்றத அதுங்க அப்படியே நம்பும். ஒருத்தரை நம்பவைக்கிறதுன்னா என்னன்னு முதல்ல உங்களுக்குத் தெரியணும்" என்பார்.

ஆரம்பத்தில் எல்லோரும் 'படம் மிக நன்றாக இருந்தது' என்று எழுதிக் கொடுத்தோம். அவற்றை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகுதான் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். அளவான குடும்பத்தைப் பற்றிய படத்தில், இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டும், நிறையப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எல்லோரும் மூக்கு ஒழுகிக்கொண்டும் இருந்தார்கள். என் பக்கத்தில் உட்காரும் பெண் எழுந்து, "எங்க வூட்ல நாங்க ஏழு பேரு சார். எங்கம்மா ஒரு நாள்கூட எங்கள அழுக்கா வெளில அனுப்பினதில்ல" என்றாள். சிமெண்ட் படத்தில் பாலங்களும் அணைகளும் எழும்பின. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன், "எங்க ஊர்ல வேப்பமரம்கூட வெள்ளையாத்தான் இருக்கும். அத எங்கயும் காணோமே சார்" என்றான். சார் சந்தோஷப்பட்டார். அப்படித்தான் பார்க்க வேண்டும் என்றார்.

எனக்கும் அந்த வகுப்பு பிடித்துப் போயிற்று. அதுவரை படம் என்பது மேலேயிருந்து வருவது, நாம் கீழே உட்கார்ந்து வாங்கிக்கொள்வது என்று இருந்தேன். திருப்பிக் கேள்வி கேட்கலாம் என்பதே புதிதாக இருந்தது.

பொங்கல் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை, சார் தொழுநோய் பற்றிய படம் ஒன்றைப் போட்டார். பறை போல ஏதோ ஒன்று அதிர, ஒரு கோயில் மதில் ஓரமாக நீளும் ஒரு கை சுவரில் தெரிந்தது. விரல்கள் இல்லாத கை. அதில் ஒரு தகரக் குவளை. கையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் படத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

நான் எட்டாவது படித்த வருஷம் அது. செந்துறைக்குக் கிழக்கே, செம்மண்ணும் முந்திரியும் உள்ள எங்கள் ஊருக்கு ஒரு நாள் படம் காட்டும் அரசாங்க விளம்பர வேன் வந்தது. இருட்டத் தொடங்கியதும் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் திரை கட்டினார்கள். ஊரே வந்து மண்ணில் உட்கார்ந்தது. நானும் அக்காவும் பெண்கள் பக்கத்தில் இருந்தோம். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது இருக்கும். திருமானூர்ப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அவர் கொள்ளிடக்கரையில் நெல் விவசாயம் பார்க்கிறவர். கரும்புக்கும் நெல்லுக்கும் குறையில்லாத ஊருக்குப் போகப் போகிறாள் என்று தெருவில் எல்லோரும் அவளைக் கேலி செய்துகொண்டிருந்த சமயம்.

திரையில் அந்தக் கை வந்தது. அப்புறம் கால்கள், மூக்கில்லாத ஒரு முகம். பிள்ளைகள் வீறிட்டார்கள். ரேடியோவில் செய்தி வாசிப்பவர் குரல் போன்ற ஒரு குரல், இந்த நோய் எப்படித் தொடங்குகிறது என்று சொல்லிக்கொண்டே போயிற்று. ஒரு டாக்டர் ஒரு பெண்ணின் முதுகில் இருந்த வெளிறிய தேமலைப் பஞ்சு நுனியால் தொட்டார். அவளுக்கு அது தெரியவில்லை. தேமலில் உணர்ச்சி இல்லை என்றால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள் என்றது குரல். அதோடு ரீல் தீர்ந்து திரை வெள்ளையாகிவிட்டது. ஆபரேட்டர் அடுத்த ரீலை மாட்டுவதற்குள் வேனின் ஜெனரேட்டர் நின்றுபோனது. கயிற்றை எவ்வளவோ இழுத்துப் பார்த்தும் கிளம்பவில்லை. "அவ்வளவுதாங்க. மிச்சம் இன்னொரு தரம் வந்து போடறோம்" என்று சொல்லிவிட்டுத் திரையைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். இன்னொரு தரம் அவர்கள் வரவே இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா கையைத் தடவிக்கொண்டே வந்தாள். இடது முழங்கைக்குக் கீழே அவளுக்கு ஒரு ரூபாய் அகலத்தில் வெளிறிய இடம் ஒன்று இருந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கும்போது அதன் எண்ணெய் பட்டுத் தோல் வெந்துபோனது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். முந்திரி உடைக்கிற பெண்கள் எல்லோருடைய கையிலும் ஏதாவது தழும்பு இருக்கும். மறுநாள் காலையில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் என்னை அழைத்துப் போனாள். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் கொடுத்தாள்.

"நான் கண்ண மூடிக்கறேன். நீ தொட்டுக்கிட்டே வா. பட்டா பட்டுதுன்னு சொல்றேன்."

தொட்டேன். உள்ளங்கையில் 'பட்டுது' என்றாள். மணிக்கட்டில் 'பட்டுது' என்றாள். வெளிறிய இடத்தில் தொட்டபோது கண்ணை மூடியபடியே காத்திருந்தாள். மறுபடியும் தொட்டேன். கொஞ்சம் அழுத்தினேன்.

"தொடு பாப்பா, ஏன் நிறுத்திட்ட?" என்றாள்.

அன்று நான் அழுததை அவள்தான் நிறுத்தினாள். அப்பாவிடம் அவளே போய்ச் சொன்னாள். செந்துறை ஆஸ்பத்திரிக்கும் அவளே கிளம்பினாள். புதன்கிழமைதோறும் அங்கே தொழுநோய்க்கென்று தனியாக ஒரு டாக்டர் உட்காருவார். ஆரம்ப நிலைதான், வெள்ளை மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் கை கால் ஒன்றும் ஆகாது, யாருக்கும் ஒட்டாது என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்னபடியே ஆயிற்று. அக்காவின் விரல் ஒன்றுகூட மடங்கவில்லை. ஆனால் மாதம் ஒரு தரம் மாத்திரை கொடுக்கத் தொழுநோய் ஆய்வாளர் சைக்கிளில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வரவில்லை. ஒரு பெரியவர் மட்டும் வந்து, அப்பா கொடுத்த மோரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, "ஜாதகத்துல ஒரு சின்ன இடைஞ்சல்ங்க" என்று சொல்லிப் போனார். அதன் பிறகு அக்காவை யாரும் முந்திரி உடைக்கக் கூப்பிடவில்லை. கிணற்றில் அவள் தண்ணீர் சேந்தினால் மற்றவர்கள் கொஞ்சம் கழித்து வருவார்கள். ஒருவரும் வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. அவளைப் பார்த்தபோதெல்லாம் அவர்களுக்குத் திரையில் பார்த்த அந்தக் கைதான் தெரிந்திருக்க வேண்டும்.

அதே கையைத்தான் இப்போது வகுப்பின் சுவரில் பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சு நுனி வந்தது. ரீல் தீர்ந்தது. சார் விளக்கைப் போட்டு, பெட்டியிலிருந்து அடுத்த ரீலை எடுத்து மாட்டினார்.

எங்கள் ஊர் பார்க்காத பாதி ஓடத் தொடங்கியது. முதுகில் தேமல் இருந்த அதே பெண். மாத்திரையை வாங்குகிறாள். மாதங்கள் போகின்றன. டாக்டர் மறுபடி பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். இது பரம்பரை நோயல்ல, சாபமல்ல, குணமானவரிடமிருந்து யாருக்கும் பரவாது என்கிறது குரல். அந்தப் பெண் தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். மாமியார் முற்றத்தில் உட்கார்ந்து புளி ஆய்கிறாள். மருமகள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிறாள். மாமியார் வாங்கி அண்ணாந்து குடிக்கிறாள். அவ்வளவுதான் படம்.

அது நடிப்பு என்று எனக்குத் தெரியும். அந்த மாமியார் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்றுகூட யாரோ சொல்லிக் கொடுத்திருப்பது தெரிந்தது. அந்த வகுப்பில் அதையெல்லாம் கண்டுபிடிக்கப் பழகியிருந்தேன். இருந்தும் தண்ணீர் தொண்டையில் இறங்குவதைப் பார்த்தபோது என்னால் தாங்க முடியவில்லை. தாவணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

சார் ஜன்னல் துணியை விலக்கினார். வகுப்பு பாராட்டியது. நல்ல படம், முதலில் பயம் காட்டி அப்புறம் வழி காட்டுகிறது என்றான் ஒருவன். சாரும் ஆமோதித்தார். "பயம்தான் ஆளை நிமிந்து உக்கார வைக்கும். அப்புறம் சொன்னா மனசுல ஏறும். நல்ல உத்தி" என்றார்.

நான் எழுந்தேன். "எங்க ஊர்ல முதல் ரீல் மட்டும்தான் சார் போட்டாங்க."

"அப்புறம்?"

"அதோட எல்லாரும் எழுந்து வூட்டுக்குப் போயிட்டோம்."

வகுப்பு சிரித்தது. சாரும் சிரிக்கப் போனார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எல்லோரும் போன பிறகு ரீலைச் சுற்றிக்கொண்டே, "யாரும்மா?" என்று கேட்டார்.

"எங்கக்கா சார்."

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சமயத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு தொடங்கியிருந்தது. ஆயா வேலைக்கு அக்கா மனு கொடுத்திருந்தாள். சிகிச்சை முடிந்துவிட்டது, நோய் இல்லை என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் 'அவள் கையால் சோறா' என்று தாய்மார்கள் சிலர் பஞ்சாயத்துத் தலைவரிடம் போய் நின்றார்கள். இதையும் சொல்லிவிட்டு, "இரண்டாவது ரீல எங்க ஊர்ல ஒரு தரம் போட முடியுமா சார்?" என்று கேட்டேன்.

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை பெட்டி திருச்சிக்குத் திரும்ப வேண்டும், புரொஜெக்டரை வெளியே எடுத்துப் போக முதல்வர் சம்மதிக்க வேண்டும் என்றார். பிறகு, "ஒரு படம் போட்டா மனசு மாறிடுமா? மாறலேன்னா உனக்குத்தான் கஷ்டம்" என்றார். இத்தனை வாரம் படங்களின் சக்தியைப் பற்றி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவருக்கே அது இவ்வளவு நிச்சயமில்லாமல் இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் மறுநாள் காலை முதல்வரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டார்.

அக்காவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நான் சனிக்கிழமை மதிய பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டேன். அவள் உரலில் கம்பு இடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் உலக்கையை நிறுத்தினாள்.

"அந்தப் படம் வந்துதான் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அது வரலேன்னா இந்நேரம் என் விரல் போயிருக்கும். அத நான் குத்தம் சொல்ல மாட்டேன்."

"நான் படத்த குத்தம் சொல்லலக்கா. மீதியையும் அவங்க பாக்கட்டும்னுதான்."

"பாத்துட்டு? எல்லாரும் என்னத் திரும்பிப் பாப்பாங்க. அன்னிக்கு மாதிரியே. அன்னிக்கு அவங்க பாத்தது பயத்துல. இன்னிக்கு ஐயோ பாவம்னு பாப்பாங்க. எனக்கு ரெண்டும் வேணாம் பாப்பா."

அவளை நம்பவைக்கும் உத்தி எதுவும் என்னிடம் இல்லை. சிதறிய கம்பைப் பொறுக்கி உரலில் போட்டேன். அவளாகவே, "சரி, போட்டுக்க. ஆனா என் பேர எவரும் சொல்லக் கூடாது. அந்த வேலையப் பத்தியும் பேசக் கூடாது. படத்த மட்டும் போட்டுட்டுப் போகச் சொல்லு" என்றாள். நானும் சரி என்றேன்.

சார் மறுநாள் பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்தார். புரொஜெக்டரைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு அப்போது கரண்ட் வந்திருந்ததால் அதன் உள்சுவரிலேயே படத்தை விழவைத்தோம். முதல் ரீலை விட்டுவிடலாம் என்று சார் சொன்னார். நான்தான் முழுதாகப் போடச் சொன்னேன். பழைய பயம் எதுவென்று அவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று தோன்றியது. அக்கா எல்லோருக்கும் முன்பாகவே வந்து, பெண்கள் பக்கத்தில் தூண் ஓரமாக உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டே மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

படம் முடிந்தது. யாரும் உடனே எழவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். எங்களுக்கு மாமா முறையாகிறவர், கெட்டவர் இல்லை.

"படம் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா அந்தம்மா தன் வூட்டு மாமியாருக்குத்தான் தண்ணி குடுக்குது. ஊராம் புள்ளைக்கு சோறு போடலையே."

சிலர் தலையாட்டினார்கள். சார் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார். நான் வேண்டாம் என்று ஜாடை காட்டினேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு அது. அக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், வேகமாகவும் போகாமல், சாதாரணமாக நடந்து வீட்டுக்குப் போனாள்.

ஆயா வேலை கீழத்தெருவில் புருஷனை இழந்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. அவளுக்கும் அது தேவைதான். நான் அரியலூருக்குத் திரும்பி வந்து அந்த வாரத்துக்கான கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதி முடித்த பிறகும் ஏதோ மீந்து நின்றது. படத்தை எங்கே நிறுத்தினார்கள், பார்த்தவர் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார் என்பதையும் கேட்க வேண்டாமா என்று கடைசியில் எழுதினேன். சார் அதன் கீழே ஒன்றும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தார். வேறு எந்தக் கட்டுரையையும் அவர் அப்படிக் கொடுத்ததில்லை.

அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். சித்திரை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஒரு புதன்கிழமை காலையில் அக்கா சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்டேன். செந்துறைக்கு என்றாள். உனக்குத்தான் சிகிச்சை முடிந்துவிட்டதே என்றேன்.

"எனக்கில்ல" என்றாள்.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பெண் சிறுமியோடு நின்றிருந்தாள். தலைவரிடம் முறையிடப் போன தாய்மார்களில் அவளும் ஒருத்தி. படம் போட்டு ஒரு வாரம் கழித்து, வெயில் நேரத்தில் தெருவில் யாரும் இல்லாதபோது அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாளாம். பிள்ளையின் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினாளாம். "பஞ்சால தொட்டுப் பாத்தேன். அவளுக்குத் தெரியல. யார்கிட்டப் போறதுன்னு எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு நின்றாளாம். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த புதன்கிழமையே கூட்டிப் போயிருக்கிறாள்.

"முதல் தடவ பஸ்ல எம்பக்கத்துல உக்காரல. புள்ளையத் தூக்கிக்கிட்டு நின்னுக்கிட்டே வந்தா. எனக்குப் பக்கத்துல எடம் காலியா இருந்துது" என்று அக்கா நடந்துகொண்டே சொன்னாள். அதில் கோபம் எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

நானும் அன்று அவர்களோடு போனேன். பஸ்ஸில் கூட்டம். அக்காவுக்கு ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர் எல்லை தாண்டியதும் அவள் குனிந்து, பிள்ளையை அக்காவின் மடியில் உட்கார வைத்தாள். "கொஞ்சம் புடிச்சுக்க அண்ணி" என்றாள். அக்கா பிள்ளையின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். செந்துறை வரும்வரை அந்தப் பிள்ளை அவள் வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளி விளையாடிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். எல்லோரும் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வருவார்கள். பிற்பாடு நோய் ஆய்வாளரே புதிதாக யாரையாவது சந்தேகப்பட்டால் முதலில் அக்காவிடம் சொல்லி அனுப்புவார். இதற்கு அவளுக்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை. பிறகு ஓரிரு இடங்களிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று நான் ஒரு தரம் கேட்டேன். "அவங்க என்னக் கேக்க வரல பாப்பா, எனக்கு நல்லது செய்ய வந்தாங்க" என்றாள். அப்புறம் நான் கேட்கவில்லை.